மறுபடியும் ஒரு சஹன்

மடவளையில் அலுவலக நண்பனின் தம்பிக்குக் கலியாணம். அங்கே சஹன் சாப்பாடு, அதாவது ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிட வேண்டும். அதனால் சரியாக ஆறு பேராகப் போவதென்று திட்டம் போட்டேன். திட்டம் போட்டது நான், குலைத்தது ஒரு மரம். நானும் கணக்குப் பிரிவு அண்ணனும் ஆட்டோவில் முன்னால் போய்விட்டோம். மற்ற நால்வர் வந்த வேன், மழையில் சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

"ரெண்டு பேருக்கு சஹன் வெக்க ஏலா மச்சான்" என்ற நண்பன், எங்கள் ஆட்டோக்காரர், படம் எடுக்க வந்தவர், லைட் கட்டியவர், அவருடைய மச்சினன் என்று நால்வரைப் பிடித்துவந்து எங்களோடு உட்காரவைத்தான். கடைசி இனிப்பான வட்டிலப்பம்வரை ஒரு கை பார்த்துவிட்டு எழுந்து கை கழுவினோம்.

அப்போதுதான் வேன் வந்தது. சாப்பிடாமல் மிஞ்சியிருந்தவர்கள் அதில் வந்த நால்வர் மட்டுமே. நண்பன் எங்கள் இருவரையும் பார்த்தான்.

"வேற வழியில்ல, வாங்க."

அண்ணன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்களுக்காகவா இவ்வளவு நேரம் பசியோட இருந்தீங்க?" என்று வேனில் வந்தவர்கள் உருகிப்போனார்கள்.

நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம். வாய் நிறையச் சோறு இருந்தது.