இடப்பக்கம் சாய்ந்த வெட்டு

சந்தனமாரிக்கு இடதுகைப் பழக்கம். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அது தொந்தரவுதான். கார்களுக்குப் பக்கக் கண்ணாடி பொருத்தும் லைனில் திருகு முடுக்கும் மெஷின் வலப்பக்கமாகத் தொங்கும். அவள் உடம்பைத் திருப்பி நின்று எட்டிப் பிடிக்க வேண்டும். நாலு வருஷம் அப்படி நின்றதில் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். சூப்பர்வைசரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எல்லாரும் அதுலதானம்மா செய்றாங்க" என்றார். அதோடு விட்டுவிட்டாள். காண்ட்ராக்டில் இருக்கிறவளிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

வடக்குப்பட்டுக்குப் பின்னால் இருக்கும் காப்புக்காட்டில் மட்டும் கேட்டார்கள்.

அங்கே அவளை இழுத்துக்கொண்டு போனது அறைத்தோழி சுகப்பிரியா. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், "வாட்டி, லீவு நாள் பூரா ஃபேனப் பாத்துக்கிட்டா கெடக்கப் போற? மத்தியானம் பிரிஞ்சி குடுக்காவளாம்" என்றாள். பிரிஞ்சிக்காகத்தான் போனார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் ஐஸ்வர்யா சேர்த்த குழு அது. வேலிகாத்தான் என்று அந்தப் பக்கம் சொல்லும் சீமைக்கருவேலம் மூடிக் கிடந்த மூன்று ஏக்கரைச் சுத்தம் செய்ய வனவரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். ஐப்பசி மழைக்குள் முள் இல்லாத தரையைக் காட்டினால், அந்தக் காட்டுக்கே உரிய களா, விராலி, வெப்பாலைக் கன்றுகள் அறுநூறு தருவதாகச் சொல்லியிருந்தார் அவர். காட்டாவிட்டால் கன்றுகள் வேறு இடத்துக்குப் போய்விடும்.

முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் ரத்தக் கோடு. கிளையைப் பிடித்து இழுப்பதும், முள் குத்தி உதறுவதும், மறுபடி இழுப்பதுமாக இருந்தார்கள். சந்தனமாரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் பரசுராமனிடம் போனாள்.

"அண்ணே, அந்தக் கத்திய இங்க தாங்க."

"இன்னாமா, வெட்டிடுவியா? இது வேலிகாத்தான். உள்ள பூந்தா சட்டைய கழட்டிகினுதான் வெளிய உடும்."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். கவையாகப் பிரிந்த கம்பொன்றை எடுத்து வலது கையால் முள்கிளையைத் தூக்கிப் பிடித்தாள், குனிந்தாள், இடது கையால் அடிமரத்தில் இரண்டே வெட்டு. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. அவள் மேல் ஒரு கீறல் இல்லை.

"தோ பார்றா!" என்றார் பரசுராமன்.

விளாத்திகுளத்துப் பக்கம் அவள் ஊரில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. பத்து வயதிலிருந்து பள்ளி லீவெல்லாம் அப்பா அம்மாவோடு கருவேலங்காட்டில் கழிந்தது. அவளுக்கு இது வித்தை என்றே தோன்றியதில்லை. ஆனால் அன்று முப்பது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஐஸ்வர்யா, "மாரி, எல்லாருக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். அவள் சொல்லிக் கொடுத்தாள்.

"மொதல்ல கவைக்கம்பால கெளையத் தூக்கணும். அப்புறம் கணுக்கால் ஒசரத்துல வெட்டுங்க. நேரா வெட்டாதிய, சாச்சு வெட்டணும்."

"ஏன் சாச்சு?"

"மேல தண்ணி தேங்காதுல்லா."

தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆறு ஞாயிறுகளில் மூன்று ஏக்கரும் மொட்டையானது. மாரி அக்கா என்று அவளைவிட மூத்தவர்களும் கூப்பிட்டார்கள். யாரோ வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தியின் சாய்வைத் தொட்டுத் திருத்துவாள். அவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டே திங்கட்கிழமை லைனில் திரும்பி நின்று திருகு முடுக்குவாள். இடுப்பு அவ்வளவாக வலிக்கவில்லை என்றுகூடத் தோன்றியது.

பங்குனி முடிந்ததும் வெயிலுக்காக வேலையை நிறுத்தினார்கள். ஆடியில் இரண்டு மழை விழுந்தபின் மறுபடி கூடினார்கள்.

மூன்று ஏக்கரும் பச்சையாக இருந்தது. களையெடுக்க வந்தவர்கள் ஒரு நொடி அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருப்பார்கள். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கட்டையைச் சுற்றியும் இடுப்புயரத்துக்கு இளங்கிளைகள். ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டு, ஒன்பது.

"வெட்னது ஒண்ணு, வந்துகீறது ஒம்போது" என்றார் பரசுராமன். "நம்மள கலாய்க்குது போல."

ஐஸ்வர்யா ஒரு கட்டைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புதான். மூணு மாசம் விட்டிருக்கவே கூடாது."

"மழைங்க, மழை பெஞ்சா எது முளைக்காது?" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். சந்தனமாரி கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைகளின் வெட்டு பெரும்பாலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அங்கங்கே ஒன்று மட்டும் இடப்பக்கம். அவை அவள் இடது கையால் வெட்டியவை. ஒன்றுகூட அழுகவில்லை. எல்லாம் திடமாக, ஈரமாக, உயிரோடு இருந்தன.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டாள். "எம்மா, கரிக்கு வெட்டும்போது மரத்த அடித்தூரோட ஏன் தோண்டுறதில்ல?"

"கூறுகெட்டவளே, தூரோட தோண்டிட்டா மறுவெட்டுக்கு எங்க போவ? தண்ணி நின்னா தூரு அழுவிரும்னுதான் சாச்சு வெட்டச் சொல்லுதது. ஏன், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கைக்கு நன்றாக நினைவிருந்தது, அதுதான் வினை. மூன்று வருஷத்தில் அதே மரம் மறுபடி வெட்டுக்கு வர வேண்டும் என்று பழகிய கை அது. ஐஸ்வர்யா 'கிளியர் பண்ணணும்' என்றபோது, ஊரில் காடு வெட்டுவதைத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். மரத்தைச் சாகவிடாமல் வெட்டுவது எப்படி என்று முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

யாருக்கும் தெரியாது. மழைமேல் பழி விழுந்துவிட்டது. பேசாமல் இருந்தால் அடுத்த ஞாயிறும் அவள் மாரி அக்காதான். ஆனால் அடுத்த ஞாயிறும் அவளிடம்தானே கேட்பார்கள், எப்படி வெட்டுவது என்று. ஆறு நாளும் லைனில் இதையே மென்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை இரண்டு கண்ணாடிகளில் திருகு போடாமல் விட்டுத் திட்டு வாங்கினாள்.

சுகப்பிரியாவிடம் மட்டும் சொன்னாள். "சொல்லாத. பெறகு ஒருத்தரும் மதிக்க மாட்டாவ" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கத்திகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, சந்தனமாரி கத்தி வாங்கவில்லை. கடப்பாரையை எடுத்தாள்.

"கத்தி வேண்டாம்" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள். "கத்தி வேண்டாங்க. நான் சொல்லிக்குடுத்தது தப்பு. எங்கூர்ல மரம் திரும்ப வரணும்னு வெட்டுவோம். அந்த வெட்டத்தான் ஒங்களுக்கும் சொல்லிக்குடுத்துட்டேன். மழையால இல்ல. தூரோட தோண்டியிருக்கணும்."

கத்தி வாங்கியவர்கள் அதைக் கீழே இறக்கினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அப்போ ஆறு ஞாயித்துக்கெழம?" என்றார். அது கேள்வி இல்லை.

"இடப்பக்கம் சாஞ்சதெல்லாம் என் வெட்டு. அத நானே தோண்டிருதேன்."

"வலப்பக்கம் சாஞ்சது மட்டும் யார் சொல்லிக் குடுத்ததும்மா? எங்க தாத்தனா?" என்றார் பரசுராமன். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஐஸ்வர்யா அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று சந்தனமாரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு தூரைத் தோண்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த வாரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினொன்று. யாரும் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் யோசனை கேட்டு வந்து நிற்பது நின்றுபோனது. எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. முழங்கை அளவு தோண்டினால் கிழங்கு மாதிரி முண்டுமுண்டாக ஒரு முடிச்சு. அதற்கும் கீழே வேரை வெட்டினால்தான் தளிர்க்காது என்பதை இரண்டு தூர் மறுபடி தளிர்த்து வீணான பிறகு எல்லோரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

ஐப்பசி பிறந்தபோது ஒரு ஏக்கர் கூட முழுதாக முடியவில்லை. வனவர் வந்து தரையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். நூற்றைம்பது கன்றுகள் இறக்கினார். மீதி நானூற்றைம்பதும் அதே வண்டியில் வேறெங்கோ போயின. வண்டி மேட்டில் ஏறி மறையும்வரை சந்தனமாரி பார்த்தாள். சுகப்பிரியா அவள் தோளைப் பிடித்து, "ஏட்டி, நின்னது போதும்" என்றாள்.

அன்று ஆறு பேர்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பரசுராமன் தூர் ஒன்றின் முன் நின்று கூப்பிட்டார்.

"மாரி, இங்க வா. இது இடப்பக்கமா கீது. உன்னுதா?"

அவள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டே வெட்டு. விரலால் தடவினால் பிசிறில்லை. நல்ல வெட்டு என்று மனசுக்குள் வந்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

"என்னுதுதான்" என்றாள். கடப்பாரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தாள்.