மெத்தைமேல் படுத்துப்போன ஆர்கன்

மெத்தைக்கடைக்காரிக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். அவள் தாலாட்டினால் தூங்கும் பிள்ளையும் எழுந்துகொள்ளும் என்று வெங்காய வியாபாரியான அவள் கணவரே கிண்டலடிப்பார். அவள் அந்தப் பழைய தேவாலயத்தை வாங்கியதும் மெத்தை அடுக்கத்தான். ஆள் குறைந்துபோன சபையார் வேறொரு சபையோடு சேர்ந்துவிட்டார்கள். பெஞ்சுகளைக்கூட எடுத்துப்போனவர்கள், மாடிச்சுவரை அடைத்து நின்ற குழல் ஆர்கன் வாத்தியத்தை மட்டும் விட்டுப் போனார்கள். புது இடத்தில் கூரை அவ்வளவு உயரமில்லையாம்.

"குழாயெல்லாம் ஈயம், தகரம். எடைக்குப் போட்டுடலாம் அண்ணி" என்றான் கொழுந்தன். அவளும் சரியென்றுவிட்டாள்.

மறுநாள் ஒரு பெண் வந்து நின்றாள். பல் ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிறுதோறும் அந்த ஆர்கனை வாசித்தவள்.

"அதுக்கடியில என் ஷூ இருக்குக்கா. எடுத்துக்கிறேன்."

"வாசிக்கிறதுக்கு எதுக்கும்மா ஷூ?"

"கால்லயும் கட்டை இருக்குக்கா. மிதிச்சு வாசிக்கணும்."

"அப்படியா? எங்க, ஒரு தடவை மிதி பார்ப்போம்."

நர்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடித்தொண்டைச் சத்தம் ஒன்று பலகைத் தரை வழியாகக் கிளம்பி மெத்தைக்கடைக்காரியின் குதிகாலில் ஏறி, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. கொழுந்தன் கையில் இழுத்துப் பிடித்திருந்த அளவு டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"இதை எடைக்குப் போட்டா எனக்குச் சோறு இறங்காது. இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

நர்ஸ் தயங்கினாள். "மெத்தையை அடுக்கினீங்கன்னா சத்தத்தையெல்லாம் அது குடிச்சிடும்க்கா."

அன்றிலிருந்து மெத்தைக்கடைக்காரி உயரமான கூரை தேடி அலைந்தாள். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார்கள். சினிமா தியேட்டரில் சிரித்தார்கள். ஒருநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் சந்தைக் கட்டடத்தில் அண்ணாந்து பார்த்தாள். புறா பறக்கிற உயரம். நடுவில் சும்மா கிடந்த மாடி.

"காய்கறிக்கு எதுக்கும்மா சங்கீதம்?" என்றார் சந்தைத் தலைவர்.

"காய்கறிக்கு இல்லீங்க, உங்களுக்கு. ஒரே ஒரு தடவை வந்து கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

தலைவரும் கடைக்காரர்களும் வந்தார்கள், கேட்டார்கள். திரும்பும்போது, யார் கடைக்கு நேர்மேலே அதை வைப்பது என்றுதான் சண்டை.

ஆர்கன் ரிப்பேர்க்காரர் ஒவ்வொரு குழலாகக் கழற்றிக் கொடுக்க, அத்தனையும் அவள் கடை மெத்தைமேல் படுத்தபடி தள்ளுவண்டியில் போயின. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கிருந்த குழலுக்கு நீளவாக்கில் இரண்டு மெத்தை.

"நமக்குக் கிடைக்காத சொகுசுப்பா" என்றபடி சுமைதூக்கிகள் தள்ளினார்கள்.

முதல்நாள் நர்ஸ் வாசித்தபோது புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. தராசுகள் பாதியில் நின்றன. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெங்காயம்" என்றார்.

"நீங்க இன்னைக்கு மூட்டையையே பிரிக்கலையே" என்றாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் வாசிப்பு. பக்கத்தில் நின்று இசைத்தாள் புரட்டுவது மெத்தைக்கடைக்காரி. நர்ஸ் தலையசைத்தால் புரட்ட வேண்டும். போன வாரம் அவசரத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். நர்ஸ் விடவில்லை, தோன்றியதையெல்லாம் வாசித்துச் சமாளித்தாள். கீழே தக்காளிக்காரர், இன்றைக்குத்தான் ரொம்ப நல்லா இருந்தது என்று கை தட்டினார். மேலே இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.