ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை

கயாக் படகு ஓட்டக் கற்றுத்தரும் தொழிலில் துடுப்புப் பிடிப்பது கால் பங்கு, மிச்சமெல்லாம் ஈரத்தோடு மல்லுக்கட்டுவது. மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானித் தண்ணீரில் நானும் ரபீக்கும் இதைத்தான் செய்கிறோம். ரபீக் உக்கடத்துக்காரர், படகுகளைப் பழுதுபார்ப்பதும் அவர்தான். நனைந்த போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு சாமியைக் கும்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தக்காளி சாதம்

எங்களிடம் இருப்பது, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டும், தண்ணீர் புகாத பை. போத்தனூரிலிருந்து வந்த ஒருவர் அதில் கேமராவை வைத்தார். கூடவே, வழியில் ஹோட்டலில் வாங்கிய, ஆவி பறக்கும் தக்காளி சாதப் பொட்டலத்தையும் வைத்தார்.

எதிர்க்கரையில் பிரித்தால் உள்ளே எல்லாம் வேர்த்து ஒழுகியிருக்கிறது. லென்ஸுக்குள்கூட ஆவி. நான் பையில் ஓட்டை தேடினேன். அவர் பெரிய மனதோடு சொன்னார்:

"பை மேல தப்பில்லீங்க. சோறுதான் சூடா இருந்துபோட்டுது."

முட்டி போட்டுக் கட்டிய பை

இன்னொருவர் பைமேல் முட்டி போட்டு உட்கார்ந்து, காற்றையெல்லாம் வெளியேற்றி, பைனாகுலரையும் ஷூவையும் இறுக்கிக் கட்டினார். படகு சாய்ந்ததும் பை தண்ணீரில் விழுந்து கல்லாட்டம் உள்ளே போய்விட்டது. கொஞ்சம் காற்று விட்டிருந்தால் மிதந்திருக்கும். ரபீக் தண்ணீரையே பார்த்துக்கொண்டு அவருக்கு ஆறுதல் சொன்னார்:

"கவலைப்படாதீங்க, நனைஞ்சிருக்காதுங்க."

இரண்டு முடிச்சு

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு கணவனும் மனைவியும் ஒரே படகில் போனார்கள். அந்த அம்மாவுக்கு வீசிங் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அவருடைய இன்ஹேலரைக் கணவர் வாங்கிப் பையில் போட்டு, கொக்கிக்கு மேல் கயிற்றால் இரண்டு முடிச்சும் போட்டு, தன் முதுகுக்குப் பின்னால் படகில் இருந்த சாமான் அறைக்குள் வைத்து மூடியிருந்தார். அக்கறையில் செய்ததுதான்.

நடுத் தண்ணீரில் எதிர்காற்று பிடித்தது. முன்னால் இருந்த அந்த அம்மா துடுப்பை மடியில் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மருந்து பின்னாடி இருக்குதுங்க!" என்று கணவர் கத்தினார். அவரால் திரும்ப முடியாது. திரும்பினால் படகு கவிழும். நான் என் படகை அவர்கள் படகோடு ஒட்டினேன், மறுபக்கம் ரபீக் வந்து பிடித்துக்கொண்டார். அறையைத் திறந்து பையை எடுத்தேன், ஈரக் கைக்கு முடிச்சு மசியவில்லை. அந்த அம்மாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் பயந்துபோனேன். கத்தியை எடுத்துப் பையையே கிழித்தேன்.

மருந்தை உறிஞ்சிய பிறகுதான் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கரையேறியதும் கணவர், இன்ஹேலர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"ஏனுங்க, நாஞ் செத்துப்போயிருந்தா, ஊட்டுக்கு அதைத்தான் கொண்டுபோயிருப்பீங்களா?"

இப்போதெல்லாம் படகில் ஏறுகிறவர்களிடம், 'எது கைக்கு எட்டாவிட்டால் உங்கள் உயிருக்கு ஆபத்து?' என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கட்டவிடுகிறேன். பாதிப் பேர் போனைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.