டெம்ப் ஃபோல்டரில் சுந்தரராமன்

கரமனையில் கல்யாண வீடியோ எடுக்கும் யோசுவாவிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதில் எண்பது ஜி.பி. டிஸ்க். 2004-இல் அதுவே பெரிய சொத்துதான். ஆனாலும் மூன்று கல்யாணம் ஏறினால் அதற்கு மூச்சு முட்டும். டேப்பில் இருப்பதைக் கடையில் எடிட்டிங் பார்க்கும் நாகலக்ஷ்மி கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததுமே யோசுவா டேப்பைப் பிடுங்கி அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பிவிடுவார். அதன் மேலேயே வேறு யாராவது மாலை மாற்றிக்கொள்வார்கள். படத்தில் சேராத மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து உடனுக்குடன் அழித்துவிட வேண்டும். அதுதான் கடைச் சட்டம்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்த நாகலக்ஷ்மிக்கு முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணத்தைச் சொல்ல வந்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெரு சுந்தரராமன் அவளைப் பெண் பார்க்க வந்தார். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அந்த வாரமே அவருடைய அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ராசியில்லாத பெண் என்று அவருடைய அம்மா ஒரு வார்த்தை விட்டாள். மனுஷனுக்கு மாரடைப்பு வந்தால் அதற்கு சொஜ்ஜி பஜ்ஜி நீட்டினவள் என்ன செய்வாள்? ஆனால் அக்ரஹாரத்து வாய்க்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் வந்த வரன்களெல்லாம் பாதி வழியிலேயே திரும்பிப் போயின. சுந்தரராமனும் மூன்று தங்கைகளைக் கரையேற்றுகிற கவலையில் தனி ஆளாகவே இருந்துவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

கடைசித் தங்கையின் கல்யாண டேப்பும் இந்தக் கடைக்குத்தான் வந்தது. பெண்ணின் கையில் அண்ணன் பொரியிடுகிற கட்டம். பொரியைப் போட்டுவிட்டு நிமிர்ந்த சுந்தரராமன் நேராகக் கேமராவைப் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. நாகலக்ஷ்மி படத்தை அங்கேயே நிறுத்தினாள். ஒன்பது வருஷமாக அவள் ஏங்கியது இந்த முகத்துக்குத்தான். கண்ணுக்குக் கண் பார்க்க ஆசை இருந்தும் தைரியம் இல்லாமல் போயிற்று. இப்போதோ யாருக்கும் பயப்படாமல் பார்க்கலாம்.

அந்தத் துண்டை ஸ்லோ மோஷன் ஆக்கிப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் மெதுவாக்கினாள். அப்புறம் முகத்தை மட்டும் பெரிதாக்கினாள். வேறு எங்கெல்லாம் அவர் தலை தெரிந்ததோ அங்கெல்லாம் அதே வேலை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கம்ப்யூட்டர் புதிதாக ஒரு கோப்பு உண்டாக்கி டெம்ப் ஃபோல்டரில் போட்டுக்கொண்டே இருந்தது. தற்காலிகக் கோப்பு என்று பேர்தானே தவிர, ஒவ்வொன்றும் யானைக் குட்டி கனம். பழையதைக் களையவும் அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் படத்தில் அவரை ஒரு இடத்திலும் சேர்க்கவில்லை. அவர் முகம் ஒரு விநாடி கூடிப்போனாலும், இது யார் பார்த்த வேலை என்று தெரு கண்டுபிடித்துவிடுமே! பொரியிடும் அண்ணனை அடியோடு எடுக்க முடியாததால் கைகளை மட்டும் விட்டுவைத்தாள். மிச்சத்தை அழித்தும் விட்டாள். ஆக, சுந்தரராமனின் முகம் இருந்தது டெம்ப் ஃபோல்டரில் மட்டும்தான்.

தங்கை பஹ்ரைனுக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம் சி.டி. வாங்க அவரே வந்து, முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்தார். நாகலக்ஷ்மி தலை நிமிரவில்லை. படம் முக்கால்வாசி உருவானதும் கம்ப்யூட்டர் நின்றது. டிஸ்க்கில் இடம் இல்லை. யோசுவா எட்டிப் பார்த்தார்; டெம்ப் ஃபோல்டரின் அளவைக் கண்டு அவருக்கு மயக்கமே வந்துவிட்டது.

“எம்மா, இத்தன வேஸ்டும் எங்கேருந்து வந்து கெடக்கு? முழுசும் களஞ்சிரு. அவிய பிளைட்டுக்குப் போவாண்டாமா?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வேறு எதை அழிக்கலாம் என்று அவள் துழாவினாள். இன்னும் ஒப்படைக்காத இரண்டு கல்யாணங்கள் இருந்தன, அவற்றில் கை வைக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒரே ஒரு துண்டையாவது வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். வைத்துக்கொண்டால் மறுபடி இதே பைத்தியக்காரத்தனம்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுத்தினாள்.

சி.டி. தயாரானதும் சரியாக ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். சுந்தரராமன் எழுந்து வந்து பின்னால் நின்றார். பொரியிடும் கட்டம் வந்து போயிற்று.

“கை என்னோடது,” என்றார். “மூஞ்சியை என்ன பண்ணினேள்?”

“யாராவது ஏதாவது சொல்லுவான்னு எடுத்துட்டேன்.”

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், “டேப் உங்க கையிலதான் வந்து சேரும்னு தெரிஞ்சுதானே கேமராவைப் பார்த்தேன்,” என்றார்.

நாகலக்ஷ்மி நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

“அது இப்ப இருக்கோ?”

“இல்லை. இப்பத்தான் அழிச்சேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் டிஸ்க்கே நெறஞ்சு போச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சி.டி.க்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுந்தரராமன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் பிளைட் அவருக்கு மறந்தே போயிற்று.