பெயரை எடுத்த இடத்தில் எழுதியது

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லில் எதையும் வெட்டுவதில்லை. தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள், மருமக்களின் பெயர்கள் எல்லாம் போட்டு அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம்தான்.

"அவளின்ர பேர் வேண்டாம்" என்றார் அண்ணை.

அவள் என்றது அக்காவை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டு பக்கத்து நகரமான மிசிசாகாவுக்குப் போனவள். அதற்குப் பிறகு அப்பா அவளோடு பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. செத்தவீட்டுக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள். நான் மறுபேச்சில்லாமல் பெயரை எடுத்தேன். வரி குட்டையாகிவிட்டதால் 'பாசமிகு' என்றிருந்ததை 'பாசமும் பண்பும் நிறைந்த' என்று நீட்டினேன். அச்சாவாக, இடைவெளியில்லாமல் பொருந்தியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அச்சுப்படி வருவதற்குள் ஸ்காபரோ நூலகத்தில் ரோமாபுரிக் கட்டடங்கள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பைத்தியம் கனகாலமாக உண்டு. வாசிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து, தெரியாதவனுக்குச் சிற்பம் என்று, வழியில் போகிறவனின் தலைக்கு மேலேயே அரசர்கள் தங்கள் புகழை நிறுத்திவைத்த ஊர் அது. ஒரு வெற்றி வளைவின் படத்தில் நின்றுவிட்டேன். தகப்பனையும் இரண்டு மகன்மாரையும் புகழ்ந்து வெண்கல எழுத்துப் பதித்த வளைவு. தகப்பன் இறந்ததும் மூத்தவன் இளையவனைக் கொல்வித்து, நாடெல்லாம் அவன் பெயரையும் முகத்தையும் அழிப்பித்தான். வளைவின் நாலாவது வரியில் அந்தப் பெயர் இருந்த இடத்தை, மிஞ்சிய இருவரையும் மிகச் சிறந்தவர்கள், மாவீரர்கள் என்று புகழ்ந்து நிரப்பியிருந்தார்கள். ஆனால் பழைய எழுத்துகளைப் பொருத்திய துளைகள் இன்னும் தெரிகின்றன. அவற்றை வைத்தே அந்தப் பெயரை வாசித்துவிட்டார்களாம்.

எனக்கு அரசனைவிட அந்த வரியை நிரப்பியவனைப் பற்றி அறியத்தான் ஆசை. எழுத்தெண்ணி, எந்தச் சொல் அடங்கும் என்று பார்த்திருப்பான். அடங்கியதும் சந்தோஷப்பட்டிருப்பானா? பக்கத்தைப் புரட்டினால், இளையவனுக்காக அழ, அவனைப் பெற்ற தாய்க்கே அனுமதி இருக்கவில்லை என்று போட்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அன்று பின்னேரம் அச்சுப்படியை அம்மாவின் முன்னால் வைத்து, அக்காவின் பெயரைப் பேனையால் எழுதினேன்.

"ஆக்கள் கேட்டால் நீயோ பதில் சொல்லுவாய்?" என்று அண்ணை சத்தம் போட்டார்.

"ஓம், நான் சொல்லுறன்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"மருமக்களில ஒராள் குறையுது" என்றார். "அந்தப் பிள்ளையின்ர பேரையும் போடு."

அத்தானின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்கலாம் என்றால் நம்பரும் எங்களிடம் இல்லை.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அம்மா அக்காவின் நம்பரை எங்கும் பாராமல் சொன்னார்.