அரை டப்பா மஞ்சள் பசை

சமையலறை அலமாரிக்கு மைக்கா ஒட்டி முடித்த கார்பெண்டர் இரண்டு டப்பாக்களை விட்டுப் போனார். ஒன்றில் வெள்ளைப் பசை, கால்வாசி. இன்னொன்றில் மைக்கா ஒட்டுகிற மஞ்சள் பசை, பாதி. திறந்தாலே தலை கிறுகிறுக்கும். நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். "நாலி மே டால் தோ" என்றார் போகிற போக்கில். சாக்கடையில் ஊற்றிவிட வேண்டியதுதானாம்.

இந்தத் தடவை எனக்கு வீணாக்க மனம் வரவில்லை. டெல்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் டப்பாவை நீட்டினேன். ஜிப் போன பெட்டி, தேதி முடிந்த பிஸ்கட், காது உடைந்த கடாய் எல்லாம் இங்கே அப்படித்தான் வீட்டை விட்டுப் போகும். அதற்கு நாங்கள் தர்மம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

அவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில், நாலா என்று எல்லோரும் சொல்லும் பெரிய கழிவுநீர்க் கால்வாயின் ஓரம், முப்பது வருஷம் குடியிருந்தவர். போன வருஷம் அங்கே வீடுகளை இடித்த பிறகு ஊர்க்கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்த்துவிட்டு டப்பாவை மேடைமேல் திருப்பி வைத்தார்.

"இத எடுத்துக்கிட்டுப் போயி நான் என்னாம்மா பண்றது? இருக்கறது ஒரே ரூமு. அதுலதான் அடுப்பு, அதுலதான் பேரப்புள்ள தூங்குது. உங்களுக்கு வேணாம்னா எனக்கு மட்டும் வேணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிற கையைத் தட்டிவிடுகிறாரே என்ற கோபம்தான், ஒளிப்பானேன். "அப்ப சிங்க்லயே ஊத்திடறேன்" என்றேன் வெடுக்கென்று.

அவர் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஊத்துங்க. நீங்க ஊத்துறதெல்லாம் அந்த நாலாவுக்குத்தான் வரும். மழ வந்தா எங்க வீட்டுக்குள்ளயே வரும். எத்தினி வருசம் அள்ளிக் கொட்டியிருக்கேன். கடைசில நாங்கதான் நாலாவ அடைச்சிட்டோம்னு வீட்டத் தள்ளிட்டாங்க. இப்ப அங்க யாரும் இல்ல. தாராளமா ஊத்துங்க."

கையில் டப்பாவோடு நின்றேன். அவர் போன பிறகும் ஊற்ற முடியவில்லை. கோபம் முழுக்க என் பக்கமே திரும்பியிருந்தது.

வெள்ளைப் பசையைப் பழைய அட்டைகளில் தடவிப் பால்கனி வெயிலில் போட்டேன். மூன்று நாளில் அப்பளம் மாதிரிக் காய்ந்தது. உலர்ந்த குப்பையில் சேர்த்தேன். மஞ்சள் பசையை அப்படிக் காயவைக்கப் பயம், அந்த நெடி யார் மூக்கிலாவது ஏறும். மூடியை அழுத்தி மூடி, அடுப்பிலிருந்து தள்ளி நிழலில் வைத்திருந்து, குப்பை வண்டி வந்தபோது எடுத்துப் போனேன். ஆபத்தான குப்பைக்கென்று வண்டியில் ஒரு தனிப் பெட்டி இருந்தது. அதற்குள் டிரைவரின் செருப்பும் டிபன் பாக்ஸும் இருந்தன. "சப் ஏக் ஹி ஹை, மேடம்", எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி, ஈரக் குப்பையில் போடக் கை நீட்டினார். டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கீழ் வீட்டுத் தஞ்சாவூர்க்காரர், எங்கள் ஆபீசிலேயே செக்‌ஷன் ஆபீசர், பார்த்துச் சிரித்தார். "ஊரே ஊத்தறது. உங்க அரை டப்பாவாலயா யமுனை சுத்தமாயிடப் போறது? ஜல்தியா ஊத்திட்டு வேலையப் பாருங்க."

"ஊர் ஊத்தட்டும் சார். நான் ஊத்த மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கார்பெண்டருக்குப் போன். மிச்சத்தை அடுத்த வேலைக்கு எடுத்துப் போங்கள், அதுவரை விட மாட்டேன் என்றேன். ஒன்பதாம் நாள் என் தொல்லை தாங்காமல் வந்தார். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு கதவுக்கு ஆகும் என்றார். வழியில் எந்த நாலியில் கவிழ்ப்பாரோ என்று நானும் கூடவே ஆட்டோவில் ஏறினேன். அடிவரை வழித்துக் கதவில் தடவும் வரை அந்த வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் வீட்டு வேலைக்கு வந்த அம்மாளிடம் ஜெயித்த மாதிரிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"இத ஒரு இருவது வருசம் முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். நாலு வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் மிச்சமான பெயிண்ட், தின்னர், பசை எல்லாம் எந்த சிங்க்கில் எந்தக் கையால் போயிற்று என்று எனக்குத் தெரியும். நாலா ஓரத்தில் இப்போது யாரும் இல்லைதான். அவர்கள் இல்லாமல் போனதில் என் டப்பாக்களும் உண்டு. இனி என் சிங்க்கிலிருந்து ஒரு சொட்டுப் போகாது.