வல்லூறையும் வாங்க என்ற கிளி

கீழச்சிவல்பட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்கு வயரிங் மாற்றப் போனபோதுதான் அந்தக் கிளியைப் பார்த்தேன். காவலுக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு நாளாகியிருந்தது. பின்கட்டில், துருப்பிடித்த கூண்டுக்குள், காய்ந்த தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. இறக்கையின் இறகுகளைக் கத்தரியால் ஒட்ட வெட்டியிருந்தார்கள். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

காரைக்குடியில் எங்களுக்கு மாடி வீடு. என் மனைவி கொய்யாவும் கடலையும் கொடுத்து ஒரே வாரத்தில் அதைத் தேற்றினாள். தேறியதும் பேச ஆரம்பித்தது. யாரைப் பார்த்தாலும் "வாங்க, வாங்க" என்றது. அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பேச்சு.

திருப்பத்தூரில் கால்நடை மருத்துவரம்மாவிடம் காட்டினோம். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். புது இறகு முளைக்கச் சில மாதமாகும், விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றும் சொன்னார். வனத்துறையிலும் அதுவரை வைத்திருக்கச் சொன்னார்கள்.

இறகு முளைக்க முளைக்க எனக்குப் பயம் கூடியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வல்லூறு வர ஆரம்பித்திருந்தது. அதைக் கண்டதும் தென்னையிலிருக்கும் கிளிகள் அலறிப் பறக்கும். அணில் விடாமல் கத்தும். எங்கள் கிளி மட்டும் கூண்டின் கம்பியோரம் நகர்ந்து வந்து, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வல்லூறிடம் "வாங்க, வாங்க" என்று சொல்லும்.

"இதை வெளிய விடுறதும் கழுத்தைத் திருகிப் போடுறதும் ஒண்ணுதாங்க" என்றாள் மனைவி. ஆனால் கதவுக்குப் பின்னால் ஓர் உயிரைக் காலம் முழுக்க வைத்திருக்கவும் மனம் ஒப்பவில்லை.

தையில் ஒரு காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கூண்டுக்கு ஒரு முழத் தூரத்தில் தவிட்டுப்புறா ஒன்று சிந்திய தானியத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. நிழல் விழுந்ததுதான் தெரிந்தது. வல்லூறு புறாவை அங்கேயே அமுக்கிப் பிய்க்கத் தொடங்கியது. நான் துண்டை வீசி விரட்டுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கிளி கம்பியோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு விடுகிறதா என்று தெரியாத அளவுக்கு அசையாமல் நின்றது. அன்றோடு அதன் பேச்சு நின்றது. காக்கை நிழல் பட்டால்கூடப் பதுங்கியது.

நோய்தான் வந்துவிட்டதென்று மருத்துவரம்மாவிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டு, இறகெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"இப்பத்தான் அதுக்குப் பயம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. இனிமே விடலாம். பொழைக்குமான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீக."

வனத்துறை ஊழியர் ஒருவர் உடன் வர, திருக்கோஷ்டியூர்ப் பக்கம் கிளிக்கூட்டம் அடையும் புளியமரங்களுக்குக் கொண்டுபோனோம். மனைவிதான் கதவைத் திறந்தாள். வெகுநேரம் அது வெளியே வரவில்லை. வந்ததும் ஒரே வீச்சில் உச்சிக்கிளைக்குப் போய் இலைக்குள் மறைந்தது.

மறுநாள் காலையில் மறுபடி போனோம். மரத்தில் ஒரு கிளிகூட இல்லை. உச்சியில் ஒரு வல்லூறு இருந்தது. எங்கள் ஊரில் பார்த்ததாக இருக்காது. கோயில் கோபுரத்துப் பக்கமிருந்து கிளிகளின் சத்தம் கேட்டது. அதில் எங்களுடையது இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஒரு குரல் கொடுத்துப் பாரேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் மரத்தைப் பார்த்தபடியே தலையாட்டி மறுத்தாள்.

"கூப்பிட்டா அது வந்துரும்ங்க" என்றாள்.